கடவாய்க் கணக்கு

கொழுந்தனார் டொரொண்டோவிலிருந்து வந்தது
அண்ணனைப் பார்க்க அல்ல,
குற்றாலத்தில் குளிக்கவும் அல்ல.
பல்லுக்கு.
அவரே சொன்னார், ஒளிக்கவில்லை:
"அங்க ஒரு பல்லுக்குக் கேக்குத காசுல
இங்க ஒரு வாயையே கட்டிப்புடலாம் மதினி.
பிளேன் டிக்கெட் போக மிச்சமும் நிக்கும்."

முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைக்கு
நாலு தடவை துணைக்குப் போனேன்.
வழி தெரியாமல் இல்லை அவருக்கு,
ஊசி என்றால் பயம்.
பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிற கை
வண்ணார்பேட்டை தாண்டும் வரை
என் பையின் காதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆற்றுப்பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம்
ஒரு கணக்கு.
வேர் சிகிச்சைக்கு ஆயிரத்து எழுநூறு டாலர்,
மேலே மாட்டுகிற தொப்பி தனி,
படம் எடுக்கத் தனி,
வாயைத் திறந்ததுக்கே தனி.
"நெஞ்சு வலின்னு போனா காசு வாங்க மாட்டான்.
பல்லு மட்டும் அங்க
உடம்புல சேர்த்தி இல்ல."
"பெறவு யாரு உடம்புல மொளைச்சதாம்?"
சிரித்தார்,
வலக்கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

நாலாம் தடவை டாக்டர் ஜெபசீலி
அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.
"நீங்க ஏன் எப்பவும்
கன்னத்தைத் தாங்கியே உக்காந்திருக்கீங்க?"
பழக்கம் என்றேன்.
விளக்கை என் பக்கம் திருப்பினார்.
"நல்ல பல்லும்மா, காப்பாத்திரலாம்.
வேர் சிகிச்சை, தொப்பி
ரெண்டும் சேத்து ஒன்பதாயிரம்."

ஒன்பதாயிரம் என்றால்
எனக்கு ரூபாயாகக் காதில் விழாது.
முப்பத்து மூவாயிரம் பீடி.
இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்து,
சுருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றி
நாளைக்கு அறுநூறு.
இலை மட்டமாக வந்து
கடையில் கழித்துப் போட்டால் ஐந்நூறு.
அறுநூறு என்றே வைத்துக்கொள்வோம்.
ஐம்பத்தைந்து நாள்
ஒரு பல்லுக்காகச் சுருட்ட வேண்டும்,
மற்ற பல்லெல்லாம் அதுவரை
எதையும் கடிக்காமல் இருந்தால்.

"எடுத்துருங்க."
"காப்பாத்தலாம்னு சொன்னேம்மா."
"கேட்டுது டாக்டர். எடுத்துருங்க."

பிடுங்கக் கூலி ஐந்நூறு.
கொழுந்தனார் போனில் தட்டிப் பார்த்தார்,
நெசமாகவே சந்தோஷப்பட்டார்.
"எட்டு டாலர்தான் மதினி!
எட்டே டாலர்ல உங்க வலி தீந்துட்டே!"
அவர் கார்டை நீட்டுமுன்
நான் நோட்டை நீட்டிவிட்டேன்.
ஒன்பதாயிரம் கேட்டிருந்தால்
கொடுத்திருப்பார்.
அதனால்தான் கேட்கவில்லை என்று
இப்போது தோன்றுகிறது.
நாளைக்கு வேறு தோன்றலாம்.

ஜங்ஷனில் பஞ்சைத் துப்பினேன்.
சூடு ஆகாது, ஐஸ்கிரீம் தின்னலாம் என்று
டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை.
இரண்டு கப் வாங்கி வந்தார்.
மரக்கரண்டியை வாயில் வைக்கையில் பார்த்தேன்:
புதுப் பல் நாலும் வலப்பக்கம்,
தின்பது இடப்பக்கம்.
"இன்னும் வலிக்கா?"
"இல்ல மதினி.
ரெண்டு வருசம் கிராம்பும் மாத்திரையுமா
லாரியோட சேத்து இதையும் ஓட்டுனேன்.
அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கதே
மறந்து போச்சு."

நான் வலப்பக்கமாக ஒதுக்கினேன்.
நாக்கு மட்டும் சொன்ன பேச்சுக் கேளாமல்
பள்ளத்தைப் போய்ப் போய்
எட்டிப் பார்த்து வந்தது.

ஆலங்குளம் பஸ் போயிற்று,
கடையம் பஸ் போயிற்று,
எங்கள் பஸ்ஸைக் காணோம்.
கப் ஒன்று இருபது ரூபாய்.
எத்தனை டாலர் என்று
அவர் சொல்லவில்லை.
எனக்கு
மூணு கட்டு.