எழும்பாத கட்டை

ஏற்காட்டில் ஜூன் பிறந்தால்
பியானோவுக்குச் சளி பிடிக்கும்.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நான்தான் போவேன்,
பையில் முறுக்குச் சாவி, கம்பளித் துண்டு,
பொட்டலமாகத் தட்டுவடை செட்.
செட் லாசரஸுக்கு.

எஸ்டேட் கிளப்பில் சனிக்கிழமை ஜாஸ்
வாசிப்பவர் என்றால் முறைப்பார்.
"எழுதி வச்சதைத்தானய்யா வாசிக்கிறது?"

நடுவில் ஒரு கட்டை,
அமுக்கினால் அமுங்கும், எழும்பாது.
மழையைக் குடித்த மரம்.
உப்புத்தாளை எடுத்தேன்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
"அது கிடக்கட்டும். அதைச் சுத்தித்தான்
ஆறு மாசமா போயிட்டிருக்கேன்."

அன்றைக்குக் கடைசி பஸ் போய்விட்டது.
சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.
இடது கை, மலையேறும் லாரி,
முதல் கியரில் முனகி முனகி.
வலது கை, வளைவுக்கு முன்னால் ஒரு ஹாரன்.
அப்புறம் ஒன்றுமில்லை.
எதிரே வண்டி வருகிறதா என்று
மலை மொத்தமும் காது கொடுக்குமே,
அந்த நேரம்.
அதை நீட்டினார். இன்னும் நீட்டினார்.
டிரம்ஸ் பையன் அந்தோணி
தூக்கிய குச்சியை இறக்கத் தெரியாமல் வியர்த்தான்.
"ஆடுற மாதிரி ஏதாவது போடுய்யா"
பின்னாலிருந்து ஒரு காப்பித்தோட்டக் குரல்.
எழும்பாத கட்டை வரை விரல் போய்
தொடாமல் திரும்பியது.
எனக்குக் கேட்டது. சத்தியமாக.

மறுவருஷம் கிளப் செயலாளர் முன்பணம் தந்தார்.
பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது எனக்கு.
இழைத்தேன், புதுத் துணி ஒட்டினேன்.
பாலில் விழுந்த காசுபோல எழும்பாமல் கிடந்தது
குதித்து நின்றது.

லாசரஸ் ஒருமுறை அமுக்கினார்.
இன்னொரு முறை.
"நல்ல வேலை" என்றார்.
தட்டுவடையைப் பாதியாக உடைத்து எனக்கும் தந்தார்.
மென்று முடிக்கும்வரை பேசவில்லை இருவரும்.
பிறகு சட்னி விரலை நீட்டி
என் பஸ் டிக்கெட்டைக் கேட்டார்,
நாலாக மடித்தார்,
கட்டைக்கு அடியில் செருகினார்.
"இப்ப சரி."

போன ஐப்பசியில் அவரைப் புதைத்தார்கள்.
நாலாம் நாள் பியானோவுக்கு விலை பேச
ஈரோட்டுக் கல்யாண மண்டபக்காரர் வந்தார்.
நடுவில் அமுக்கிப் பார்த்து,
"இது பழுதா?" என்றார்.
"பழுதுதான்" என்றேன்.
இருநூறு குறைத்துக்கொண்டார்கள்.

டிக்கெட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தாயா என்று
வீட்டில் கேட்டார்கள்.
தலைவலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன்.