பதினாறும் பெறாமல்

எங்கள் நாட்டின் உயர்ந்த சிகரம்
தென்னை.
ஏறியவன் கொடி நடுவதில்லை,
இரண்டு காய் தள்ளிவிட்டு இறங்கிவிடுவான்.

மற்றபடி நிலம் என்று நாங்கள் சொன்னால்
கடல் சிரிக்கும்.
மூன்று பவழ வளையங்கள்,
ஒன்றில் நின்றால் இன்னொன்று தெரியாது.
அட்டாஃபு, நுகுனோனு, ஃபாகாஓஃபோ.
வரைபடத்தில் ஈயின் எச்சமென்று
வெலிங்டனில் ஒரு குமாஸ்தா நகத்தால் சுரண்டினாராம்.
நாங்களே கட்டிவிட்ட கதை இது,
நன்றாக இருப்பதால் கைவிடவில்லை.

விமானம் இறங்க இடமில்லை.
ஆப்பியாவிலிருந்து கப்பல்,
ஒரு பகலும் ஓர் இரவும், அலை சம்மதித்தால்.
அது பாறைக்கு வெளியே நின்று முனகும்.
படகில் போய் இறக்குவோம்:
அரிசி, சிமெண்ட், பெட்ரோல் பீப்பாய்,
கடைசியாகப் பல் டாக்டர்.

தலைநகரம் உண்டா என்று கேட்கிறார்கள்.
உண்டு. ஓரிடத்தில் உட்காராது.
வருஷத்துக்கு ஒரு தீவு, முறை வைத்து.
ஆள்பவருக்கு எங்கள் மொழியில் 'உலு',
தலை என்று அர்த்தம்.
போன வருஷத்துத் தலை
இன்று காலை என் எதிரே குந்தியிருக்கிறது,
ஓலைக் கூடையோடு.

நான் மட்டிவா. பங்கு எண்ணுகிறவன்.
பிடித்த மீன் எல்லாம் கரைக்கு வரும்,
மணலில் வரிசையாகப் படுக்கும்.
ஒன்பது பேர் வீட்டுக்கு ஒன்பது,
ஒற்றை ஆளுக்கு ஒன்று.
நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் உண்டு;
பல் எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

ஆழ்கடலில் தூர தேசத்துக் கப்பல்கள்
காசு கட்டி எங்கள் சூரையை அள்ளுகின்றன.
அந்தக் காசில்தான் நர்ஸுக்குச் சம்பளம்.
சில மாதம் அந்தச் சூரையே
டப்பாவில் அடைபட்டுத் திரும்புகிறது,
விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டு.
லெபேகா அதைத் திறந்து முகர்ந்து
உறவுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில்
டிசம்பர் முப்பதை ரத்து செய்தார்கள்,
தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட.
வியாழன் தூங்கி சனி எழுந்தோம்.
மைத்துனன் ஃபலானி பிறந்த தேதி அது.
எனக்கு ஒரு வயது குறைவு என்பான்,
பென்ஷன் பாரம் வந்த அன்று மட்டும்
வாயைத் திறக்கவில்லை.

அதற்கு நாலு வருஷம் முன்னால்
ஓட்டுப் பெட்டி வந்தது. இரண்டாம் முறை.
உங்கள் தலையை நீங்களே சுமப்பீர்களா என்று கேள்வி.
மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.
மீன் எண்ணும் விரல் என்று என்னையும் உட்காரவைத்தார்கள்.
மறுபடி எண்ணச் சொன்னார்கள்.
எண்ணினோம்.
பதினாறு குறைவு.

பதினாறு என்பது என்ன?
இரண்டு வீட்டுப் பங்கு. சின்ன வீடாயிருந்தால் நாலு.
வெளியே ஒரு பன்றி, பாறைக்குட்டையில்
சிப்பி தேடிக்கொண்டிருந்தது.
வெளிநாட்டுப் பார்வையாளர் பேனாவை மூடிய சத்தம்
அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

இங்கே நாங்கள் ஆயிரத்து ஐந்நூறு சொச்சம்.
நியூசிலாந்தில் எங்கள் ஆட்கள் ஐந்து மடங்குக்கு மேல்,
குளிரில், பஸ் ஓட்டிக்கொண்டு, எங்கள் பாட்டை முணுமுணுத்தபடி.
அவர்களுக்கு அன்று ஓட்டில்லை.
என் மகள் ஹீனா அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தாள்,
சிறுநீரகத்துக்கு மெஷின் வைத்து.
ஒன்றும் மாறாது, பாஸ்போர்ட் அதேதான் என்று
மூன்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள்.
நம்பினேன்.
நம்பிக்கொண்டேதான்
பெட்டிக்குள் வேறு மாதிரி போட்டேன்.
வேண்டாம் குவியலில் என் சீட்டு வந்தபோது
மடித்த விதம் எனக்குத் தெரிந்தது.
அடுத்ததை எடுத்தேன்.

ஹீனா இப்போது நலம். தடித்துவிட்டாள்.
லெபேகாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று மீன் குறைவு.
ஆளுக்குப் பாதி, கத்தியைத் தீட்டுகிறேன்.
தலைப்பக்கமா, வால்பக்கமா என்று
போன வருஷத்தவரைக் கேட்கிறேன்.
வாலே போடு, என்கிறார்,
அதில்தான் முள் குறைவு.