சா.பொ. 3

பத்தொன்பது வருடம் கழித்துத் தீர்ப்பு:
பொருளை உரியவரிடம் ஒப்படைக்கவும்.
உரியவர் போய் நாலு வருடமாகிறது.
மேல்விஷாரத்திலிருந்து மகள் வந்தார், சபூரா,
சுற்றிக்கொண்டு போக ஒரு பூந்துவாலையோடு.

அரக்கை உடைத்துத் துணிப்பையைக் கவிழ்த்தேன்.
குழல் தனியே, பிடி தனியே.
உருளை மட்டும் மேசையில் ஓடி
டீ கிளாஸில் முட்டி நின்றது.
"இதுல ஒண்ணு குறையுது சார்."

மகஜரைப் பிரித்தேன். ஏட்டின் கோழிக்கிறுக்கல்:
நாட்டுத் துப்பாக்கி ஒன்று.
மேற்படியில் செருகிய இரும்பு ஆப்பு ஒன்று.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள்.
ஆப்பு இல்லாத துப்பாக்கியை
அந்த வரிசையில் சேர்க்க
எனக்கு அதிகாரமில்லை.
முழுசாக வந்தால்தான் கையெழுத்து என்றார்.
சபூரா என்றால் பொறுமை என்று அர்த்தமாம்.

சாட்சியை வெளியே எடுத்துப்போக முடியாது.
தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்:
ஆப்பு நுழையும் துளை,
பொடி எழுத்து முத்திரைகள்,
உருளையைச் சுற்றி ஓடும் கப்பல்கள்.
பாலாற்று மணலைத் தாண்டி
பஸ்ஸில் போனது என் சட்டைப்பையில்
ஒரு கடற்போர்.

ராணிப்பேட்டை லேத் துளசிங்கம்
துளையை மட்டும் பார்த்தான்.
"எந்தக் கம்பெனின்னு தெரியாம கடைய மாட்டேன்.
ஒவ்வொருத்தன் ஆப்பும் ஒவ்வொரு சரிவு.
ஒரு நூல் தப்பினா
குழல் கையோட வந்துடும்."

கம்மவான்பேட்டையில் கஜபதி,
பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்த்தவர்,
தாளை வெயிலில் பிடித்தார். லென்ஸைத் தேடினார்.
லென்ஸ் பேத்தியிடம் இருந்தது,
எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டுப்பட்டைக் குழல்.
கட்டத்துக்குள்ள ஏ, பி இருக்கா? எழுபத்தாறு.
இத்தாலி. கருமருந்துக்கு மட்டும்.
அசல் அமெரிக்காக்காரன் எப்பவோ செஞ்சது.
இது நகல்ப்பா."

நகல்.
இருபத்திரண்டு வருடமாக
உண்மை நகல், உண்மை நகல் என்று
முத்திரை குத்தித் தேய்ந்த கை இது.
என் அறையிலேயே ஒரு நகல்
முத்திரை இல்லாமல் கிடந்திருக்கிறது.

போனில் சபூரா சொன்னார்:
தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர்
அத்தாவுக்குக் கொடுத்தது.
பாகம் பிரிக்கும்போது சாச்சா
போலீஸுக்குக் கொடுத்தது.
சுட்டதே இல்லை.
ஞாயிற்றுக்கிழமை கழற்றித் துடைப்பார், மாட்டுவார்,
அவ்வளவுதான்.

இத்தாலிக்கு எழுதினால் ஆப்பு வரும்,
சுங்கத்தில் அதன் பங்குக்கு ஒரு பத்தொன்பது வருடம் நிற்கும்,
என்று சிரித்தார் கஜபதி.
ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில்
வரைந்து கொடுத்தார்:
சுண்டுவிரல் நீளம், ஒரு பக்கம் குறுகல்,
ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு ஸ்பிரிங்.

விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
மேற்படி ஆப்பு என் பொறுப்புக்கு முன்பே
காணாமல் போயிருக்கக்கூடும் என்று
பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்
என்பது வரை வந்தபோது
மின்விசிறி பத்திரிகையைப் பறக்கவிட்டது.
எடுக்கக் குனிந்தேன்.

பீரோவின் இடது பின்காலுக்கு அடியில்
நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

இந்த அறைக்கு வந்த முதல் வாரம். ஐப்பசி மழை.
பீரோ ஆடியது.
தரையில் கிடந்த எதையோ எடுத்து
செருப்புக் காலால் தட்டிச் செருகினேன்.
நான்தான்.
ஆப்பை அசைத்த குரங்குக்காவது
வால்தான் மாட்டியது.

சபூரா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.
குழலைப் பொருத்தி, ஆப்பைச் செருகி,
கட்டைவிரலால் ஒரே அழுத்து.
டக்.
குப்பையாகக் கிடந்தது துப்பாக்கியானது.
சுத்தியை இழுத்தார். ஒரு அறை நகர்ந்தது,
ஒரு கப்பல் முன்னே வந்தது.

கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார்.
பிறகு என் பேப்பர்வெயிட்டை எடுத்து
மறுபக்கத்திலிருந்து தட்டினார்.
ஆப்பு கழன்று விழுந்தது.
துவாலையில் இரும்பு,
பர்ஸில், சில்லறையோடு, ஆப்பு.

"ஒண்ணா வெச்சா
மறுபடி யாராவது துப்பாக்கின்னு எழுதுவாங்க சார்."

எழுதி முடிக்காத கடிதத்தை
எட்டாக மடித்துக் காலுக்கடியில் வைத்தேன்.
போதவில்லை.
பீரோ ஆடுகிறது.