கிரேடர் திரும்பும் இடம்

ஸ்டெர்னிங் கவுண்டி வழக்கறிஞர் ஆரின் ஹாக்ஸ்டாட்
டிசம்பர் ஒன்பதாம் தேதி எழுதிக் கேட்டிருந்தார்:
கவுண்டியின் கிரேடர் பொதுச் சாலையில் பனி தள்ளி முடித்தபின்
தனியார் பாதையொன்றில் ஆயிரத்து நூறு அடி
தள்ளிக்கொண்டே போகலாமா?

பாதையின் முடிவில் யார் என்று கேள்வியில் இல்லை.
இணைப்பில் இருந்தது.
ரோசினா கெஸ்லர், வயது எழுபத்தொன்று,
செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்.
அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில்
இணைப்புகளைப் படிப்பது என் வேலை.
அவற்றுக்குப் பதில் எழுதுவது யார் வேலையுமல்ல.

இந்த வடக்கு டகோட்டாவில்
கவுண்டி என்பது மாநிலம் பெற்ற பிள்ளை.
கொடுத்தது உண்டு, கொடாதது இல்லை.
தன் முற்றத்தில் ஒரு மரம் நடவும்
சட்டப் புத்தகத்தில் ஒரு வரி வேண்டும் அதற்கு.
'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் நடுவே
வேலி கட்டிக் குடியிருக்கின்றன
ஊர்களும் பாலங்களும் ஒரு லட்சம் மாடுகளும்.

நிலவறைக்கு இறங்கிப் பழைய கருத்துரைகளைப் புரட்டினேன்.
1934: வெட்டுக்கிளிக்கு விஷத் தவிடு வாங்கலாமா?
வாங்கலாம்.
அதைத் தூவ ஆள் வைக்கலாமா?
அது வேறு கேள்வி.
1952: தண்டவாளத்தருகே கிடந்த பெயர் தெரியாதவனுக்குச்
சவப்பெட்டி உண்டு.
தலைமாட்டில் கல் இல்லை.
சட்டம் 'புதைக்க' என்றது,
'அடையாளமிட' என்று சொல்லவில்லை.
கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து, பக்கத்தில் காபிக் கறை.
என்னைப்போல் ஒருவர்,
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருக்கும்.
எந்த இடத்தில் கல் வைக்கவில்லை என்பது
இன்று அந்தக் கவுண்டிக்கே தெரியாது.

1961-இல் இதே கேள்வி, பனிக்குப் பதில் சரளை.
பொதுப்பணம் தனியொருவர் வாசலேறக் கூடாது என்றது பதில்.
நியாயம்தான்.
இல்லையென்றால் கமிஷனர்களின் மச்சான் வீட்டு வாசலெல்லாம்
ஜனவரியில் பளபளக்கும்.
பளபளத்த வருடங்களும் உண்டு,
அதற்காகப் பிறந்த சட்டம்தான் அது.

எழுதினேன்.
சுருக்கமான பதில்: இல்லை.
விரிவான பதில் நான்கு பக்கம், அதுவும் இல்லைதான்.

மூன்று நாள் வரைவு மேசையிலேயே கிடந்தது.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
அடுக்ககத்தின் டிராக்டர்காரன் என் காரைத் தோண்டியெடுத்துவிட்டு
யாரிடமும் எதுவும் கேட்காமல் போனான்.

நான்காம் நாள் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன், எண் ஒன்பது:
'முப்பதடி நீள இயந்திரம் குறுகலான சாலையில்
எங்கே போய்த் திரும்ப வேண்டுமெனச் சட்டம் சொல்லவில்லை.
திரும்பும்வரை அலகை உயர்த்த வேண்டுமா என்பது
எங்களிடம் கேட்கப்படவில்லை.
கேட்கப்படாததற்கு இந்த அலுவலகம் கருத்துரைப்பதில்லை.'

மேலதிகாரி மார்வா லிண்ட்குவிஸ்ட் படித்தாள்.
இரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்தாள்.
"ஒன்பது தேவையா?"
"தேவையில்லை."
பேனாவை மூடிவிட்டாள்.

ஜனவரியில் ஹாக்ஸ்டாடிடமிருந்து ஒரே வரி:
நன்றி, மேற்கொண்டு கேள்வி இல்லை.

மார்ச்சில் இருந்தது.
கெஸ்லர் வீட்டுக் கோழிக்கூட்டின் மூலை இடிந்துவிட்டது,
கவுண்டி நஷ்டஈடு தரலாமா?
எது இடித்தது, அது அங்கே எப்படிப் போனது
என்று கேள்வியில் இல்லை.

இணைப்பில் ஒரு புகைப்படம், சனிக்கிழமை எடுத்தது.
பிளந்த பலகை. வெளியே வந்து திகைத்து நிற்கும் இரண்டு கோழிகள்.
பின்னால் திறந்த கராஜ், உள்ளே கார் இல்லை.
இரண்டு ஆள் உயரப் பனிச்சுவர்களுக்கிடையே
டயர் தடம் சாலைக்குப் போயிருக்கிறது.

1961-ஐ மறுபடி எடுக்கப் படியிறங்குகிறேன்.