இரண்டு படைக்கு ஆள் போதாது

கர்ரியில், மளிகைக் கடை வாசல் பலகையில்,
விலைக்குக் கன்றுக்குட்டி, தொலைந்துபோன நாய்
இரண்டுக்கும் நடுவே என் தாளைக் குத்தினேன்:
வேடம் கட்டிப் போர் விளையாட ஆள் தேவை.
வாள் நாங்கள் தருவோம். தேநீர் உண்டு.

நாங்கள் என்று எழுதும்போது நான் மட்டும்தான்.

காரணம் கேட்டால் இதுதான் சொல்வேன்:
கிங் தீவுக்கு வந்து இரண்டு வருடம்,
மருந்துக்கடை வெள்ளைக் கோட்டில்தான் எல்லோரும் என்னைக் கண்டார்கள்.
அதற்குள் அவரவர் மூலநோயைத்தான் பார்த்தார்கள்.
தெருவில் எதிர்ப்பட்டால்
கடலைப் பார்ப்பார்கள்.

தாளின் கீழே நறுக்கிவிட்ட எண்களில்
இரண்டைக் காற்று எடுத்துப்போனது.
மூன்றாவதை மாரீன் கிழித்தார்.
தபால் பிரிப்பவர்,
யாருக்கு என்ன பார்சல் என்று பிரிக்காமலே தெரிந்தவர்.
பிறகு இறைச்சி ஆலையிலிருந்து ரோடெல், அவன் தம்பி.
கணக்கு டீச்சர் கில்லியன் சூனியக்காரித் தொப்பியோடு வந்து
"வேறு நூற்றாண்டு, பரவாயில்லையா?" என்றார்.
சிங்கி இறால் பிடிக்கும் டெஸ்.
அவருடைய பதினொரு வயது மகள் இம்மி,
சொந்த வாளோடு.

என்னோடு ஏழு.
எதிரியாக நிற்க ஒருவருக்கும் மனமில்லை.
நாளைக்கு அதே துறை, அதே கல்லா, அதே முகம்.

கவசத்துக்குப் பஞ்சமில்லை.
புயல் முடிந்த காலையில்
எருமைத்தோல் தடிமனில் கரையில் கிடக்கும் கெல்ப் பாசி.
கொடியில் போட்டுக் காயவைத்தால் செருப்பு,
நனைந்தால் அல்வா.
ஆஸ்பத்திரியில் தேதி முடிந்த மாவுக்கட்டு
ஏழு தலைக்கும் ஏழு அளவில் இறுகியது.
மாரீனுடையதை வெட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது.

ஒருநாள் தேநீர் ஆறும்போது சொன்னேன்:
எங்கள் பழைய போரெல்லாம்
மாடு திருடுவதில்தான் தொடங்கும்.
கவர்ந்தால் வெட்சி சூடுவார்கள், மீட்டால் கரந்தை.
யாரும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே
ஆளுக்கு ஐம்பது என்ற கணக்கில்
தீவு முழுக்க மேய்ந்துகொண்டிருந்தது.
"அப்போ அவங்கதான் இன்னொரு படை," என்றாள் இம்மி.

வெட்சி இந்தக் காற்றில் பூக்காது.
மாட்டுக் காதில் மாட்டும் சிவப்புப் பட்டைகளை
நரம்பில் கோத்துத் தலையில் சுற்றினோம்.
நெவில் தன் நாற்பது கறுப்புப் பசுக்களைத் தந்தார்:
"திருடிக்கோங்க. இருட்டுறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை, மேற்குக் கரை மேய்ச்சல்.
பக்கவாட்டில் பெய்யும் இந்த ஊர்த் தூறல்.
நாங்கள் முழங்கினோம்: ரோடெல் தகாலோகில்,
நான் தமிழில், மாரீன் வெறும் கெட்டவார்த்தையில்.
மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின.
ஓடவில்லை.
எங்களை நோக்கி நடந்து வந்தன,
சம்பளம் வாங்க வருவதுபோல.

முதல் பசு டெஸ்ஸின் தோளை முகர்ந்தது.
ஒரு இழு. தோள்கவசம் போயிற்று.
புயலுக்குப் புயல் கரையிறங்கிக்
கெல்ப் தின்று வளர்ந்த மாடுகள்,
எங்களுக்கு எப்படி மறந்தது?
கில்லியனின் மார்புக் கவசத்தை இரண்டு பகிர்ந்துகொண்டன.
என் முன்கையில் ஒரு நாக்கு,
உப்புத்தாள் மாதிரி, சூடாக.
ஏழு பேரும் புறமுதுகிட்டோம்,
வேலி தாண்டி, சேற்றில் விழுந்து,
மாரீன் சிரித்த சிரிப்பில்
இன்ஹேலர் தேடி என் பையைக் கொட்டும்வரை.
இம்மி மட்டும் களத்தில் நின்றாள்.
தன் கவசத்தைத் தானே பிய்த்து
ஒவ்வொன்றுக்கும் ஊட்டிக்கொண்டு.

வேலியில் சாய்ந்து நெவில் கேட்டார்:
"மாடுங்க பக்கம் ஆள் எடுக்குறீங்களா?"

திங்கட்கிழமை, வெள்ளைக் கோட்டு.
டெஸ் வந்து சட்டையைத் தூக்கித் திரும்பி நின்றார்.
முள்கம்பி, முதுகில் நீளமாக.
களிம்பு தந்தேன், டெட்டனஸ் எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.
முதுகில் பட்ட புண்ணை
எங்கள் ஊரில் என்னவென்று பேசுவார்கள் என்பதை
அவரிடம் சொல்லவில்லை.