நீல மூடி

நவம்பரில் எங்கள் ஆய்வகத்துக்கு
நீல மூடிக் கிண்ணங்கள் வந்தன.
பழைய வெள்ளை மூடியைவிட
ஒன்றுக்கு நான்கு சென்ட் மலிவு.
கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.

தார்த்துவில் அப்போது மூன்றரைக்கே இருட்டிவிடும்.

தாவெத் வோருவிலிருந்து வருபவன்,
மரம் அறுக்கும் ஆலையில் வேலை,
நகக்கண்ணில் பைன் பிசின்.
முதல் முறை அவன் கொண்டுவந்தது
கடுகு விழுது தீர்ந்த கண்ணாடிக் குப்பியில்.
"சோப்புப் போட்டுக் கழுவினேன், மூன்று தடவை"
என்று மூன்று விரல் காட்டினான்.
அந்தச் சோப்பே போதும் கொல்ல, என்றேன்.
காது மடல் சிவந்தது அவனுக்கு.

இரண்டு நீல மூடிகளைக் கொடுத்தனுப்பினேன்.
ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்,
கம்பளிச் சட்டைக்குள், உடம்புச் சூட்டோடு.

சொன்னபடி செய்தான்.
பனி உறைந்த சாலையில் ஒரு கையால் ஓட்டி
மறு கையால் மார்பைப் பொத்தியபடி.
வழியில் நிறுத்திய போலீஸ்காரரிடம்
கோழிக்குஞ்சு என்றானாம்.

ஐம்பத்தாறு நிமிடம்.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு.
கட்டம் கட்டமாக நிறைந்து கிடந்தன,
எதுவும் நகரவில்லை.
நூற்றுக்கு மூன்று, என்று எழுதினேன்.
இரண்டு வாரம் கழித்து
நூற்றுக்கு இரண்டு.

மருத்துவர் அறிக்கையைப் படிக்கையில்
தாவெத் முழங்காலில் இருந்த தொப்பியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
உள்ளே வேறு விடை தைத்திருப்பதுபோல.
அவன் மனைவி லீலோ சன்னலைப் பார்த்தாள்.

டிசம்பரில் ஒரு மீனவர் வந்தார், பெய்ப்சி ஏரிக்காரர்.
மூன்று பிள்ளைகள், நான்காவதற்கு ஆசை.
அவருக்கும் நூற்றுக்கு நான்கு.

அன்றிரவு இழுப்பறையின் ஆழத்தில்
வெள்ளை மூடி ஒன்று அகப்பட்டது.
ஆராய்ச்சி மாணவன் ஒருவன்,
பெயர் வேண்டாம், வெட்கப்படாதவன்,
தன் பங்கைத் தந்தான்.
அதைப் பாதியாகப் பிரித்தேன்:
வெள்ளையில் பாதி, நீலத்தில் பாதி.
ஒரே அடுப்பு, ஒரே முப்பத்தேழு பாகை, ஒரே மணி நேரம்.

வெள்ளையில் பள்ளி விட்ட நேரம்.
நீலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்.

பாத்திரம் அறிந்து இடு என்பார்கள்.
பாத்திரத்தை அறியாமல்
பதினோரு ஆண்களை அறிந்துவிட்டோம்.

லீலோதான் தொலைபேசியை எடுத்தாள்.
தாவெத் இப்போது
சானா அறையில் தூங்குகிறான் என்றாள்.
நான் சொன்னதைக் கேட்டாள்,
நெடுநேரம் எதுவும் பேசவில்லை,
பாத்திரம் கழுவும் குழாய் மட்டும் ஓடியது.
பிறகு, "நான் அவனிடம் ஒன்று சொல்லிவிட்டேன்" என்றாள்.
என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.
எந்த உருப்பெருக்கியிலும் அது தெரியாது.

ஜனவரியில் வெள்ளை மூடியோடு வந்தான்.
முப்பத்தெட்டு.
கொண்டாடும் எண் அல்ல,
வழக்கத்துக்குச் சற்றுக் கீழே.
ஒளிக்காமல் சொன்னேன்.
"மிச்சம் என்னுடையது" என்றான்,
கடன் கணக்கில் தன் பங்கை ஏற்பவன்போல்.

போகும்போது, நீல மூடி ஒன்று கிடைக்குமா, என்றான்.
எதற்கு?
"திருகாணி போட்டு வைக்க."
அவன் சிரிக்கவில்லை.
நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முந்நூற்று நாற்பது மீதி இருந்தன.
நிறுவனம் திரும்ப எடுக்கவில்லை.
பெட்டியின் மேல்
என் கையெழுத்து இன்னும் இருக்கிறது,
ஹெல்வே, பெற்றுக்கொண்டேன் என்று.