முந்நூற்றுப் பன்னிரண்டாவது பொத்தான்

எனக்குக் கட்சி கிடையாது.
கடைசி வரிசைக்கும் பின்னால்
மின்விசிறி எட்டாத மூலையில் என் மடிக்கணினி.
அவர்கள் தமிழில் பாடப் பாட
திரையில் மராத்தி விழ வேண்டும்.
அடிக்கு ஒரு பொத்தான்,
மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

மாட்டுங்காவில், பள்ளிக்கூட அரங்கில்
நீலமாலை சரித்திரம் மறுபடி.
ஒரு காலத்தில் விடிய விடிய நடந்தது
ஹெப்சிபா கையில் தொண்ணூறு நிமிடம்.
சிம்மாசனம் பிளாஸ்டிக் நாற்காலி.
ராஜா தலையில்
மேம்பாலம் கட்டுகிறவர்களின் மஞ்சள் ஹெல்மெட்.
வனவாசம் போய்
தண்ணி டேங்கருக்கு வரிசை.
கடைசியில் ராணி தீ இறங்குவதில்லை.
பதினெட்டுக் கண்ணி ஒப்பாரியையும்
ஒரே கோட்டில் அடித்துவிட்டாள்.
ராணி படியில் உட்கார்ந்து
"தண்ணீர் கொண்டு வா" என்கிறாள்.
விளக்கு அணைகிறது.

முதல் நாளே வாசலில் பிடித்தது சண்டை.

"பாட்டை எடுத்துவிட்டு இசை நாடகம் என்று
டிக்கெட் எப்படி அடித்தாய்?
உப்பில்லாமல் ஊறுகாய் போட்டுவிட்டு
மாங்காய் இருக்கிறதே என்கிறாய்"
என்றார் சபைச் செயலாளர் வைத்தீஸ்வரன்.

"பதினெட்டுக் கண்ணியும்
அவள் சாகத் தயாராவதற்குத்தான் சார்.
அத்தனை இனிமையாய் ஒருத்தியைக் கொளுத்த
என்னிடம் ஆர்மோனியம் இல்லை."

இசக்கியப்பனுக்குச் சுருக்கென்றது.
"எம் பெட்டி யாரயும் கொளுத்தல தாயி.
சண்ட ஒங்களுக்குள்ள. பெட்டிய விடுங்க."

கல்லூரிப் பையன் ஒருவன்
ஹெல்மெட் அட்டகாசம் என்றான்.
ராணிக்குச் சேலையாவது நல்லதாய்க் கட்டியிருக்கலாம் என்றாள்
அவனோடு வந்தவள்.
கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தது வாதம்,
வடாபாவ் வண்டியருகே நின்றது.
வைத்தீஸ்வரன் பச்சை மிளகாயைக் கடித்தபடி
முகாரியின் அருமை சொன்னார்.
கண்ணில் நீர் நின்றது.
எதனால் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள்.
ராணி வேஷம் முப்பிடாதி,
பகலில் தாராவிக் கிளை வங்கியில் காசாளர்.
படியில் உட்கார்ந்தாள்.
"தண்ணீர் கொண்டு வா."
முந்நூற்றுப் பன்னிரண்டை அழுத்தினேன்.
விளக்குப் பையனைப் பார்த்து அவள்
கையை உயர்த்தினாள், இரு என்பது போல.
பிறகு பாடினாள்.
வெட்டிப்போட்ட ஒப்பாரியை,
அதுவும் ஒன்பதாம் கண்ணியிலிருந்து.

இசக்கியப்பன் பெட்டிக்கு உறை போட்டிருந்தார்.
உறையை உருவும் சத்தம்
நாலாம் வரிசை வரை கேட்டது.

என்னிடம் அடுத்த அடி இல்லை.
திரையை இருட்டாக்கும் பொத்தான் எது?
அந்த நேரத்தில் மறந்தே போனது.
ஆறு நிமிடம்
அவள் செத்தவன் பெயரைச் சொல்லி
மாரில் அடித்துக்கொள்ள,
தலைக்கு மேல் மராத்தியில்
தண்ணீர் கொண்டு வா
தண்ணீர் கொண்டு வா.

முன்வரிசை மராத்தி அம்மாள் ஒருத்தி
எழுந்தாள். சேலையைச் செருகிக்கொண்டாள்.
தன் பாட்டிலை மேடை விளிம்பில் வைத்துவிட்டு
ஒன்றும் நடக்காதது போல் திரும்பி உட்கார்ந்தாள்.
பன்னிரண்டாம் கண்ணிக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
முப்பிடாதி மூடியைத் திருகிக்
கடகடவென்று குடித்தாள்.
மிச்சத்தையும் பாடினாள்.

"பாட்டுத்தான் ஜெயித்தது" வைத்தீஸ்வரன்.
"குடித்தாள், சாகவில்லை" ஹெப்சிபா.
மராத்தித் தாளில் ஒருவர் எழுதியிருந்தார்:
ஒரே வரியைத் திரையில் நிறுத்திவைத்தது
இந்த ஆண்டின் துணிச்சலான முடிவு.
இரண்டு பேருமே அதை வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

ஏன் பாடினாய் என்று முப்பிடாதியைக் கேட்டேன்.
"அன்னைக்குக் கல்லாவுல நானூறு ரூபா கொறஞ்சுது.
கையில இருந்து கட்டினேன்.
எங்கயாவது கத்தணும் போல இருந்துச்சு."
ஒன்பதாவதிலிருந்து ஏன்?
"அதுக்கு முந்துனது மறந்துபோச்சு."

பாட்டில் இப்போது பொருள் பட்டியலில் ஏறிவிட்டது.
முதல் கண்ணியிலிருந்தே பாட வேண்டும் என்று இவர்,
பாட்டிலை மராத்தி அம்மாளே தினமும் கொண்டுவர முடியுமா என்று அவள்,
நாலாம் நாள் ஒத்திகை
இன்னும் தொடங்கவில்லை.

நான் ஒன்று சேர்த்திருக்கிறேன்.
முந்நூற்றுப் பதின்மூன்று: வெறும் கறுப்பு.
இன்னும் அழுத்தவில்லை.
எதற்கும் இருக்கட்டும்.